தேவாரக் குறிப்புகளைப் புதிய தளத்துக்கு மாற்ற உதவி தேவை

வணக்கம். எங்கள் தேவார வழிபாட்டுக் குழு பிளாக்கரில் சேர்த்த பதிகக் குறிப்புகளை வேர்ட்பிரஸுக்கு மாற்றுகிறோம். எக்ஸ்எம்எல் கோப்பை இறக்கி ஏற்றியாயிற்று. யூனிகோட் பதிவுகள் சரியாக வந்துவிட்டன.

யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பதிகங்கள்தான் பாடாய்ப் படுத்துகின்றன. யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டால், சீர் பிரிக்க விட்ட இடைவெளியில் கொம்பு தனியாக நிற்கிறது. சம்பந்தரின் முதல் பதிகத்துக்கு மேலே இருந்த 'நட்டபாடை' என்ற பண்பெயரே சிதைந்துபோனது. ஓதுவார் ஐயா கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்துத் தந்தவை அவை. ஓர் எழுத்தும் பிசகக்கூடாது.

இன்னொன்று, படங்கள் இன்னும் பழைய இடத்திலிருந்தே வருகின்றன. அதை மூடினால் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. மொத்தமாக இங்கே இறக்க வழி உண்டா? பழைய முகவரிகளை அப்படியே வைக்க முடியுமா? வீட்டுப் பெரியவர்கள் வாட்ஸப்பில் சேமித்திருப்பது அந்தச் சுட்டிகளைத்தான்.

செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மாதிரிக் கோப்பு அனுப்புகிறேன்.