பஞ்சர் கடையில் கன் வைத்து இறுக்கிய வீல் நட்டு கழலவே இல்லை. டார்க் ரெஞ்ச் வாங்கணுமா?

கரூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு ராத்திரி ஒன்பதரை மணி, திண்டுக்கல்லில் இருந்து கரூர் திரும்பும்போது வேடசந்தூர் தாண்டி பின்பக்க இடது டயர் பஞ்சர். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, இருபது நிமிட வேலைதானே என்று இறங்கினேன். வண்டியோடு வந்த எல் ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன், மிதித்தேன், மேலே ஏறி நின்று குதித்தும் பார்த்தேன் (எடை 74 கிலோ), நாலு நட்டில் ஒன்றுகூட அசையவில்லை. ஒரு நட்டில் ஸ்பேனர் வழுக்கி முனை மழுங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, மூன்றடி குழாயை ஸ்பேனரில் சொருகி அமுக்கினார். மூன்று நட்டு கழன்றது, நாலாவது ஸ்டட்டோடு (நட்டு ஏறும் போல்ட்) முறிந்து கையில் வந்துவிட்டது. மூன்று நட்டோடு நாற்பதில் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் முன்புதான் ஒரு கடையில் நாலு டயரும் மாற்றினேன். அங்கே பையன் காற்றழுத்தத்தில் நட்டு இறுக்குகிற ஏர் கன்னை வைத்து டர்ர்ர் என்று அடித்துவிட்டுப் போனான். கையேட்டைப் புரட்டினால் வீல் நட்டுக்கு இறுக்க அளவு 100 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. அப்பாவோ, இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே, கழன்று ஓடாது என்கிறார். அளவு வைத்து இறுக்குகிற இந்த டார்க் ரெஞ்ச் எல்லாம் வீட்டில் வைத்திருக்க வேண்டிய சாமானா?

பட்டறைப்பையன்:
முதலில் அந்த முறிந்த ஸ்டட்டை மாற்றாமல் வண்டியை எடுக்காதீங்க. மற்ற மூன்றும் அதே கன்னில் அடி வாங்கியவைதான், அதையும் பார்க்கணும். நட்டைக் கையால் மட்டும் சுற்றிப் பாருங்க, கடைசி வரை வழவழவென்று போகணும். பாதியில் பிடித்தால் அந்த இடத்தில் ஸ்டட் இழுபட்டு மரை நீண்டிருக்கிறது என்று அர்த்தம், இன்னொரு தடவை இறுக்கும்போது அதுவும் போகும்.

அப்பா சொல்வது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் தப்பு. போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும், திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் வீலை ஹப்போடு (வீல் உட்காரும் சுழலும் பாகம்) அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் பாரத்தை ஸ்டட் தாங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கிற உராய்வுதான் தாங்குகிறது. இறுக்கம் போதவில்லையென்றால் வீல் மயிரிழை அளவு ஆடும், ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்ந்து ஒரு நாள் முறியும். அளவு மீறினால் ஸ்பிரிங்கை இழுத்து நாசம் பண்ணின கதை, நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், திரும்பச் சுருங்காது. உங்களுக்கு நடந்தது இது.

கணக்கும் ஒன்றும் கஷ்டமில்லை. கால் மீட்டர் நீள ஸ்பேனர் முனையில் 40 கிலோ பாரம் கொடுத்தால் ஏறக்குறைய 98 நியூட்டன் மீட்டர். கம்பெனி கேட்கிற அளவு சுமார் இதுதான். அதே 40 கிலோவை மூன்றடிக் குழாய் முனையில் கொடுத்தால் 350 தாண்டும். ஏர் கன் முழு வேகத்தில் அதற்கு மேலேயும் போகும், அதுவும் ஒரு நட்டுக்கு ஒரு அளவு, அடுத்ததற்கு வேறு அளவு.

மதுரை_டீசல்:
வீல் நட்டாவது பரவாயில்லை ப்ரோ, என் கதையைக் கேளுங்க. வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறேன் என்று இறங்கி, ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டுக்கு இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்தேன். திடீரென்று கையில் இறுக்கமே இல்லை, வெண்ணெயில் திருகுகிற மாதிரி சும்மா சுற்றுகிறது. போல்ட் இரும்பு, அது ஏறும் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தொட்டி) அலுமினியம், மரை மொத்தமாக உரிந்து சுருள் சுருளாக வெளியே வந்துவிட்டது. மறுநாள் காலையில் வாசலில் அம்மா கோலம் போடப் போனால் அங்கே ஏற்கனவே எண்ணெயில் ஒரு கோலம். லேத்து பட்டறையில் துளையைப் பெரிதாக்கி உள்ளே புது மரைச் சுருள் வைத்துக் கொடுத்தார்கள். ஆயிலில் மிச்சம் பிடித்த காசு அங்கே போனது.

பழைய_அம்பாசடர்:
முப்பத்தைந்து வருடமாக வண்டி வைத்திருக்கிறேன், ரெஞ்சில் நம்பர் பார்த்து இறுக்கியதே இல்லை. சாம்பாருக்கு உப்பு அளந்தா போடுகிறோம்? எல்லாம் கைப்பக்குவம்தான். ஸ்டட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் எந்த நட்டும் சிக்காது தம்பி, அந்தக் காலத்திலேயே கற்றுக்கொடுத்தது.

பட்டறைப்பையன்:
ஐயா கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை, வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனரில் கையால் இறுக்கினால் பெரும்பாலும் அளவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும், அந்த ஸ்பேனரின் நீளமே அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரீஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். நட்டை இறுக்க நாம் போடுகிற பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது, மீதி ஒன்பது பங்கும் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகத் தேய்ந்துவிடும். கிரீஸ் தடவினால் அந்த உராய்வு குறைந்து, அதே 100 போட்டாலும் ஸ்டட் ரொம்ப அதிகமாக இழுபடும். கையேட்டில் போட்டிருக்கும் எண் சுத்தமான, உலர்ந்த மரைக்கு. துரு ஏறியிருந்தால் இதற்கு நேர் எதிர், வைத்த அளவு வந்துவிட்டது என்று டார்க் ரெஞ்ச் டக் என்று சொல்லிவிடும், உள்ளே பிடிப்பு இருக்காது. அதனால் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்க, ஹப்பில் வீல் உட்காரும் முகத்தையும் சேர்த்து.

கரூர்க்காரன், டார்க் ரெஞ்ச் வாங்குங்க. சாக்கெட் மாட்டும் முனை அரை இஞ்ச் சதுரம், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது போதும். அதை வைத்து ஸ்பார்க் பிளக் பக்கம் போய்விடாதீங்க, அதற்கு 20 சுற்றுவட்டாரம்தான் தேவை, சின்ன ரெஞ்ச் வேண்டும். நட்டை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக அரை இறுக்கம், அப்புறம் ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்டதும் முழு அளவு. டக் என்றதும் நிறுத்தணும், இன்னொரு தடவை டக் டக் என்று அழுத்துவது சும்மா ஆசைக்கு, அது கூடுதல் இறுக்கம். ரெஞ்சை வைத்து நட்டைக் கழற்றாதீங்க. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைங்க. ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை சரிபார்ப்பு, குறிப்பாக வீலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால். பெயின்ட் தேய்ந்து இறுக்கம் விட்டுப்போகும்.

கரூர்க்காரன்:
அண்ணே ரொம்ப நன்றி. பின்பக்க டிரம்மைக் கழற்றி அந்த வீலுக்கு நாலு ஸ்டட்டும் புதுசு போட்டாச்சு, நீங்க சொன்ன மாதிரி கையால் சுற்றிப் பார்த்ததில் இரண்டு பாதியிலேயே பிடித்தது. ரெஞ்ச் 3,200 ரூபாய் ஆச்சு. மற்ற மூன்று வீலையும் தளர்த்தி 100 வைத்து இறுக்கினேன், அங்கேதான் வேடிக்கை: முன் வலது வீலில் மூன்று நட்டுக்குக் குழாய் போட வேண்டியிருந்தது, நாலாவது சின்ன ஸ்பேனரில் ஒரு விரல் தட்டுக்கே கழன்றது. அதே கன், அதே பையன். 80க்கு மேல் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதே என்று இரண்டு வாரமாக அலைன்மென்ட் கடையை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோணல் இறுக்கத்தால் பிரேக் டிஸ்க் நெளிந்திருக்குமா?

பட்டறைப்பையன்:
இருக்கலாம். சரியான அளவில் இறுக்கியாச்சு இல்லையா, 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. உதறல் போகவில்லையென்றால் டிஸ்க்கில் டயல் கேஜ் (நெளிவை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. அலைன்மென்ட் கடைக்கு இப்போது போகாதீங்க, அங்கேயும் கன்தான் வைத்திருப்பான்.