ஸ்டார்ட்டப் வேலைக்கு எப்படித் தயாராவது? மட்டக்களப்பிலிருந்து ஓர் உதவி

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கல்லடி. வந்தாறுமூலைக் கம்பஸில் படிப்பை முடித்து எட்டு மாதம். போன மாதம் கொழும்பில் ஒரு சிறிய ஸ்டார்ட்டப்பின் நேர்முகத்தேர்வுக்கு இரவு பஸ்ஸில் போய் வந்தேன்.

ஜாவா, டேட்டாபேஸ் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு லேப்டாப்பைத் தந்து, "இரண்டு பேர் ஒரே வரியை மாற்றியிருக்கிறார்கள், கிட்டில் மெர்ஜ் செய்து காட்டுங்கள்" என்றார்கள். கை ஓடவில்லை. கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைத்து, பலர் எழுதியதை ஒன்றுசேர்க்க, அதாவது மெர்ஜ் செய்ய, உதவும் மென்பொருள்) வந்தது 2005இலேயே. நானோ தனியாக கமிட், புஷ் போட்டதோடு (என் மாற்றத்தைப் பதிந்து மேலேற்றியதோடு) சரி. இன்னொருவரோடு சேர்ந்து கோட் எழுதியதே இல்லை. (கம்பஸில் குழு ப்ராஜெக்ட் என்றால் ஒருவர் எழுத நாலு பேர் பெயர் போடுவோம், தெரியும்தானே.)

இப்போது ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கிறேன். அருமையான பாடம், ஆனால் அதுவும் தனியாக இருந்து படிப்பதுதான்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஸ்டார்ட்டப்பில் வேலை செய்கிறவர்கள் யாராவது என் புல் ரிக்வெஸ்ட்டை (என் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையை) பார்த்துப் பிழை சொல்வீர்களா? கோடைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவதை முதலில் பழகவா, ஓப்பன் சோர்ஸ் (கோடை எல்லோரும் பார்த்து மாற்றக்கூடிய) ப்ராஜெக்ட் ஒன்றில் சேரவா? சனிக்கிழமை என்றால் நேரிலும் வருவேன். ஆங்கிலத்தில் பேசத்தான் தடுமாற்றம், அதையும் சேர்த்தே திட்டலாம்.