புதுப்பிப்பு: அத்தானின் உதவித்தொகை வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது

முதுகுத்தண்டு அறுவைக்குப் பின் வேலைக்குப் போக முடியாத அத்தானுக்கு அமெரிக்காவில் இயலாமை உதவித்தொகை மறுக்கப்பட்டதையும், மேல்முறையீட்டுக் குழுவும் கைவிரித்ததால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதையும் முன்பு எழுதியிருந்தேன்.

வழக்கு, உதவித்தொகை தரும் சமூகப் பாதுகாப்புத் துறையிடமே மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. வெற்றிதான், ஆனால் பணம் இன்னும் இல்லை. துறை மறுபடியும் மறுக்கலாம்.

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டெல்லாம் கிடையாது. அத்தான் நீதிபதியின் முகத்தையே பார்க்கவில்லை. பழைய கோப்பு, இரு தரப்பு எழுத்து வாதம், அவ்வளவுதான். மறுப்புக்குக் ‘கணிசமான சான்று’, அதாவது நியாயமான ஒருவர் போதுமென்று ஏற்கக்கூடிய சான்று, இருந்ததா என்பதே கேள்வி. அந்த வரம்பு உயரமானதன்று என்று 2019இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பிறகு எப்படி ஜெயித்தோம்? இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது என்ற மருத்துவரின் கருத்தை ஒதுக்கிய நிர்வாக நீதிபதி (நீதிமன்றத்துக்கு முன், துறைக்குள்ளேயே வழக்கை விசாரித்து மறுத்தவர்), ‘வாரந்தோறும் கடைக்குப் போகிறார்’ என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். அக்காதான் கார் ஓட்டுகிறாள், அத்தான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார் என்பதும் அதே கோப்பில் இருக்கிறது! 2017 மார்ச் 27 முதல் தாக்கலான விண்ணப்பங்களில், மருத்துவக் கருத்துக்கு ஆதாரம் உண்டா, மற்றச் சான்றுகளோடு ஒத்துப்போகிறதா என்று விளக்கியாக வேண்டும். நிர்வாக நீதிபதியின் முடிவில் அந்த விளக்கம் இல்லை.

புதிய எம்.ஆர்.ஐ. அறிக்கையை நீதிமன்றத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாக முடியாது, முன்பே தராததற்குத் தக்க காரணம் வேண்டும். மேல்முறையீட்டுக் குழுவின் கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வக்கீல் கட்டணத்தை அரசிடமே கேட்டு மனு போடப்போகிறோம். அத்தானின் எம்.ஆர்.ஐ. அறிக்கை மறுவிசாரணைக்குப் போகும்.