பெர்கோலேஷன் திரெஷோல்ட்: கசிவா, கோர்ப்பா?

வணக்கம் ஐயா,

மின்சாரம் கடத்தாத பிசினில் கடத்துகிற பொடியைக் கலந்துகொண்டே போனால், ஓர் அளவில் கலவை திடீரென்று கடத்த ஆரம்பிக்கும். அந்த அளவைத்தான் ஆங்கிலத்தில் பெர்கோலேஷன் திரெஷோல்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'ஊடுகசிவு எல்லை' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

கசிவு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 1957-ல் பிராட்பெண்ட், ஹேமர்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை எழுதியபோது, நுண்துளை நிறைந்த பொருளுக்குள் திரவமோ வாயுவோ புகுந்தால் மறுபக்கம் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. அங்கே கசிவு பொருந்தும். எப்பாக்சிப் பிசினுக்குள் கார்பன் நானோகுழாயை, அதாவது மின்சாரம் கடத்தும் மிக நுண்ணிய கார்பன் குழாயைக் கலக்கிற இடத்தில் எதுவும் கசிவதில்லையே! அதுவும் மின்சாரத்தோடு கசிவைச் சேர்த்தால் வம்பு, ஏனென்றால் மின்கசிவு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வியாசர்பாடியில் மழை பெய்த மறுநாள் யாரைக் கேட்டாலும் மின்கசிவு என்றால் எந்தக் கம்பத்தில் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

எம்.எஸ்சி. படித்தபோது இந்தக் கலவையை நானே செய்திருக்கிறேன். நானோகுழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கற்றை கற்றையாகக் கிடக்கும், பிரிப்பதுதான் பெரும்பாடு. கருப்புப் பொடியை அசிட்டோனில் போட்டு மீயொலி அலையில் வைத்துப் பிரிக்க வேண்டும், பிசினைச் சேர்த்து அசிட்டோனை ஆவியாக்க வேண்டும், அப்புறம் கெட்டியாக்கியைக் கலந்து, குமிழி போகும்வரை வெற்றிடத்தில் வைத்து அச்சில் ஊற்ற வேண்டும். வில்லை இறுகியதும் இரண்டு பக்கமும் வெள்ளிப் பசை தடவி மின்தடையைப் பார்ப்போம். முதல் மூன்று வில்லையிலும் மீட்டர் அசையவே இல்லை. நான்காவதில் பொடி கொஞ்சம்தான் கூடுதல், எண் ஓட ஆரம்பித்துவிட்டது. கடத்துதிறன் படிப்படியாக ஏறுவதில்லை, அந்த ஓர் இடத்தில் லட்சம் மடங்கு, கோடி மடங்கு என்று தாவுகிறது. அந்தத் தாவல் நடக்கிற அளவுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

எங்கள் சந்தில் தண்ணீர் தேங்கினால் செங்கல் போட்டு நடப்போம். கண்ணை மூடிக்கொண்டு கற்களை வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து கல் விழுந்தாலும் இருபது கல் விழுந்தாலும் எதிர்வீட்டுக்குப் போக முடியாது, எங்கோ ஒரு கல் விழுந்ததும் திடீரென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழி கிடைத்துவிடும். கற்கள் முட்டிக்கொண்டுதான் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை, ஓர் எட்டு தூரத்தில் கிடந்தால் போதும். எலக்ட்ரானுக்கு அந்த எட்டு ஒன்றிரண்டு நானோமீட்டர்; அவ்வளவு இடைவெளி என்றால் குழாய்கள் தொடாவிட்டாலும் தாண்டிவிடும். சரி, கல்லுக்குப் பதில் நீளப் பலகையை வீசினால்? நாலைந்தே போதும். உருண்டைத் துகள்கள் தாறுமாறாகக் கலந்தால் கொள்ளளவில் ஏறக்குறைய 16 விழுக்காடு வேண்டியிருக்கிறது, குறுக்களவைப்போல் ஆயிரம் மடங்கு நீளமுள்ள நானோகுழாய் என்றால் 1 விழுக்காட்டுக்கும் கீழே, நன்றாகப் பிரித்திருந்தால் 0.1-க்கும் கீழேயே காரியம் முடிந்துவிடுகிறது. அதற்காக அளவுக்கு மீறிப் பிரிக்கவும் கூடாது. ஒருமுறை அலையை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போய் மறந்துவிட்டேன். குழாய்கள் ஒடிந்து பலகை செங்கல்லாகிவிட்டது, அதே அளவு பொடிக்கு மீட்டர் மறுபடி அசையவில்லை.

ஆக, விஷயம் கசிவதில் இல்லை, ஒன்றோடொன்று சேர்ந்து கோடிக்குக் கோடி எட்டுவதில் இருக்கிறது. முதலில் 'தொடுப்பு' என்று யோசித்தேன், பூத்தொடுப்பது மாதிரி. வீட்டில் சொன்னதும் சிரிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஊரில் இருக்கிற இன்னொரு அர்த்தம் உங்களுக்கே தெரியும். 'இணைப்பு' எல்லா இடத்திலும் புழங்கித் தேய்ந்த சொல். அதனால் என் பரிந்துரை 'கோர்ப்பு'. கோத்தல்தானே சரி, கோர்த்தல் எங்கிருந்து வந்தது என்று இலக்கணம் பேசுகிறவர்கள் கேட்பார்கள். நியாயம்தான், ஆனால் கோப்பு என்று எழுதினால் அலுவலகத்து ஃபைல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரகரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது பாதியிலும் எனக்கு ஒரு குறை. எல்லை, வரம்பு என்றால் தாண்டக் கூடாதது. இதுவோ தாண்டினால்தான் பலன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் திரெஷோல்ட் ஃப்ரீக்வென்சிக்கு 'பயன்தொடக்க அதிர்வெண்' என்று இருக்கிறது, அதே வழியில் 'கோர்ப்புத் தொடக்கம்' என்று போகலாம். ஆனால் தொடக்கம் என்றால் நேரத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது, இது அளவு. எனக்குப் பிடித்தது 'கோர்ப்பு வாசல்'. கோர்ப்புக் கோட்பாடு, கோர்ப்பு வலை என்று மேற்கொண்டு கிளைக்கவும் இடம் கொடுக்கிறது. 'கோர்ப்பு வாசலைத் தாண்டிய கலவை' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை.

பாலிமருக்கு இங்கே பலபடி, இலங்கையில் பல்பகுதியம்; அந்தச் சண்டையை இதில் இழுக்க வேண்டாம். நானோகுழாயும் பழகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் முடிவு செய்வோம். கோர்ப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு எதுவானாலும் சொல்லுங்கள் ஐயா, கசிவு மட்டும் வேண்டாம்.