புதுப்பிப்பு: கிரிக்கெட் மேட் பிட்ச்சில் பந்து தாறுமாறாக எகிறியது சரியாகிவிட்டது

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் பள்ளித் திடலில் தேங்காய் நார் மேட் (பாய்) விரித்து கிரிக்கெட் ஆடும்போது, ஒரே இடத்தில் குத்தும் பந்து ஒருமுறை முகத்துக்கு எகிறுகிறது, மறுமுறை கணுக்காலுக்கு உருள்கிறது என்று 14 வயதுக்குட்பட்டோர் அணிக்காகக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "மேட்டை விடுங்க சார், அடியில மண்ணைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான். சரளைக் கல்லைப் பொறுக்கி, சலித்த செம்மண் போட்டு நிரவி, மாலையில் தண்ணீர் தெளித்தோம். காலையில் மண் கையில் ஒட்டாத பதத்தில் உருளை ஓட்டினோம். அப்புறம் மேட்டை நாலு பக்கமும் விறைப்பாக இழுத்து ஆணி அடித்தோம். தளர்ந்தால் பழைய கதைதான். இடைவேளையில் மறுபடி இழுக்க வேண்டும்.

கனம் குறைந்த பந்து போடச் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் 133–144 கிராம் பந்து 13 வயதுக்குட்பட்டோருக்கானது. அதைச் சின்னப் பையன்கள் அணிக்குக் கொடுத்துவிட்டோம். 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு வழக்கமான 156–163 கிராம்தான்.

எதிர்பாராதது: சுழற்பந்து இப்போது தாராளமாகத் திரும்புகிறது, வேகப்பந்துப் பையன்களுக்கு முகம் வாடிவிட்டது. ஆணி வைத்த ஷூ நாரைப் பிய்க்கிறது, ரப்பர் அடி ஷூ மட்டும் போடுங்கள். சீசனில் அரையிறுதியோடு வெளியேறினோம். அதற்குப் பிட்ச்சைக் குறை சொல்ல முடியாது, எல்லாம் ரன் அவுட்.