மிதியடி என்றால் செருப்பா, கால்மிதியா?

பூவரசு கேட்டது:
பழைய புத்தகம் ஒன்றில் "மிதியடி அணிந்து வந்தார்" என்று இருந்தது. எங்கள் ஊரில் மிதியடி என்றால் வாசலில் கால் துடைக்கப் போடுவது, கடையிலும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம். அப்படியென்றால் செருப்பு, மிதியடி, குறடு, பாதுகை எல்லாம் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணைவாசி:
மிதியடி முதலில் காலில் போடுவதுதான், அதிலும் மரத்தில் செய்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் குமிழைப் பிடித்துக்கொண்டு நடப்பார்களே, அது. பாதக்குறடு என்றாலும் அதேதான். வெறும் குறடு என்றால் கொல்லுப்பட்டறையில் பழுத்த இரும்பைப் பிடிக்கும் கருவியும் ஆகும், அதனால் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். பாதுகை வடமொழிச் சொல், சாமிக்கும் குருவுக்கும்தான் சொல்வோம். வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகையை மட்டுமே வைத்து 1008 சுலோகங்கள் பாடியிருக்கிறார். பெருமாள் கோயிலில் நம் தலையில் வைக்கிறார்களே சடாரி, அதன் மேல் இருப்பதும் அவர் திருவடிதான்.

ஏட்டுச்சுவடி:
செருப்பு ஒரு மலைக்கும் பெயர், தெரியுமா? பதிற்றுப்பத்து 21-ஆம் பாட்டில் சேரனை "மிதியல் செருப்பின் பூழியர் கோவே" என்று அழைக்கிறார் புலவர். மிதிக்காத செருப்பு, அதாவது காலில் போடுவது இல்லை, மலை. ஒரே ஒரு அடைமொழியில் குழப்பத்தைத் தீர்த்துவிட்டார், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காலில் போடுவதைப் பெரும்பாணாற்றுப்படை "தொடுதோல்" என்றும் "அடிபுதை அரணம்" என்றும் சொல்கிறது. அடியை மறைக்கும் காவலாம், என்ன அழகு!

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் செருப்பு வேறு, சப்பாத்து வேறு என்றுதான் சொல்லுவோம். பாடசாலைக்குப் போட்டுக்கொண்டு போறது சப்பாத்து. அலுமாரி போல அதுவும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். றப்பர் செருப்பு எந்தக் கம்பனி செய்தாலும் பாட்டாதான்.

கரிசல்காடு:
எல்லாம் சரி, ஆனால் இந்தச் சொல் நம் வாயில் அதிகம் வருவது வசவாகத்தானே? "செருப்பால அடிப்பேன்", "பிஞ்ச செருப்பு" என்று சொன்னால் மற்ற அடியை விட ஏன் அதிகம் உறைக்கிறது? தோலும் காலும் தீட்டு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. தோலைப் பதப்படுத்தி ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்தவர்களை, மேல்சாதித் தெருவுக்குள் வந்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நட என்று சொன்ன ஊர்கள் இவை. யாராவது இதை வசவாக எடுத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். கண்ணப்பர் செருப்புக் காலைச் சிவன் மேலேயே வைத்தவர், அந்தக் காலை மாணிக்கவாசகர் "செருப்புற்ற சீரடி" என்று பாடுகிறார். திருவாசகத்தில் திருத்தோணோக்கம் பகுதியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.