அம்மாவுக்கு யார் மொழிபெயர்ப்பது?

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். கொரியாடவுன் அருகில் என்பதால் கொரியக் குடும்பங்கள் நிறைய வரும். அப்படி வந்த ஒரு மகளைப் பற்றி எழுதத் தோன்றியது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுபதைத் தாண்டிய அம்மா, அவரைவிட மூத்த அப்பா, நாற்பதுகளில் இருக்கும் மகள். அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று மருத்துவர் நிதானமாக விளக்கினார். மகள் அதைக் கொரிய மொழியில் இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்தார். அம்மா தலையாட்டினார். மகளின் கோட்டில் ஒரு பொத்தான் தொங்குவதைப் பார்த்ததும் கைப்பையில் ஊசி நூல் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கொரிய மொழி தெரியாது. ஆனால் அவ்வளவு பேச்சு இரண்டு வாக்கியங்களில் அடங்காது என்று தெரியும்.

வராந்தாவில் கேட்டேன். "கட்டி இருக்கிறது, மருந்து கொடுப்பார்கள் என்று மட்டும் சொன்னேன்" என்றார். பெரியவர்களிடம் இந்த நோயின் பெயரை மறைப்பது கொரிய வீடுகளில் சகஜம். நம் வீடுகளில் மட்டும் இல்லையா என்ன?

பிறகு அவரே 1992-ஐப் பற்றிச் சொன்னார். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை ஏப்ரல் 29 அன்று நடுவர் குழு விடுவித்ததும் மூண்ட கலவரத்தில், கொரியர்களின் கடைகள் இரண்டாயிரத்துக்கு மேல் சேதமாயின. இவர்களின் மளிகைக் கடையும் எரிந்தது. தவணை தவறாமல் இன்சூரன்ஸ் கட்டியவர்கள். ஆனால் அந்தக் காலத்தில் கொரியக் கடைக்காரர்கள் பலருக்கு இன்சூரன்ஸ் விற்றவை, கலிஃபோர்னியாவில் உரிமமே இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகள். பணம் வராது என்ற கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து அப்பாவுக்குப் படித்துச் சொன்னது ஒன்பது வயது மகள். "இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம் அப்பா" என்று சொன்னாராம்.

புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்று எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்த்த வரையில் இந்த மகளுக்கு அந்தக் குறை இருந்ததே இல்லை. வங்கி, வரி, வாடகை என்று மொத்தக் குடும்பமும் அவர் நாக்கின்மேல் நின்றது. அந்த அளவுக்கு ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று யாரும் கேட்டதில்லை.

மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் கடமை, நோயாளியின் பிள்ளைகள்மேல் அதைச் சுமத்தக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டு விஷயத்தை வெளியாள் வாயால் கேட்பதா என்று கோபப்பட்டார். அம்மாதான் சம்மதித்தார்.

அடுத்த முறை வீடியோ திரையில் ஒரு கொரியப் பெண்மணி வந்தார். அறையில் யார் எது பேசினாலும் விடாமல் மொழிபெயர்ப்பது அவர்கள் தொழில் விதி. அதனால்தான் நடந்தது எனக்கும் புரிந்தது. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னபோது மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மொழிபெயர்க்கிறவரால் அழ முடியாதல்லவா?

அம்மா சொன்னார்: "எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தக் கடிதத்தைப் படித்த நாளில் இருந்த குரல்தான் அன்றும் உனக்கு இருந்தது."

"தெரிந்துமா என்னைச் சொல்லவைத்தீர்கள்?" மகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அது நியாயமான ஆத்திரம் என்றே நினைக்கிறேன். அம்மா மறுத்துப் பேசவில்லை. மகள் குரல் அடங்கும்வரை காத்திருந்து, இனி வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் வரவேண்டாம் என்றார். பிறகு திரையைப் பார்த்துத் தன் முதல் கேள்வியைக் கேட்டார்: எனக்கு எத்தனை நாள் இருக்கிறது?

கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. இப்போது பதிவு மேசையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குவது அப்பாதான். மகள் முடிந்த நாளில் வந்து அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய்க்காக அம்மா மருத்துவரிடம் வெகுநேரம் வாதாடினார். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது பச்சையாக வேண்டாம், நன்றாகக் கொதிக்கவைத்துக் குழம்பாகச் சாப்பிடலாம் என்று முடிவாயிற்று.